சம்பந்தியம்மாவோடு பேச ஒரு ஸ்பானிஷ் வகுப்பு

என் மகன் கல்யாணம் செய்துகொண்ட பெண் மெக்சிகோவைச் சேர்ந்தவள். மருமகளும் நானும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அவளுடைய அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம், கையசைப்போம், நடுவில் பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள். ஒரு நாள் அந்த அம்மா என்னை நேராகப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். குரல் தழுதழுத்தது. மகன் அதை, "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்கம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டான். அவ்வளவு நேரம் பேசியது இந்த ஒரு வரிதானா? அன்றிரவே ஸ்பானிஷ் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு 54 வயது.

இப்போது ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு இடங்களில் சேர்ந்து விலகி, மூன்றாவதாகச் சேர்ந்த வகுப்பில்தான் இன்னும் இருக்கிறேன். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் யாராவது ஸ்பானிஷ் வகுப்பு தேடிக்கொண்டிருந்தால், நான் இழந்த ஏழெட்டு மாதத்தை அவர்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரையும் போல ஒரு ஆப். தினமும் காலையில் இருபது நிமிடம், 140 நாள், ஒரு நாள் விடாமல் செய்தேன். சில நூறு சொற்கள் தெரிந்தன, தினமும் உட்காரும் பழக்கமும் வந்தது. ஆனால் திரையில் நாலு கட்டத்தில் சொல்லைக் காட்டினால் சரியானதைத் தொடத் தெரிந்ததே தவிர, வீடியோ அழைப்பில் சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்ததும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதுகூட வாயில் வரவில்லை. பார்த்தால் தெரிகிற சொல் வேறு, தேடும்போது நாக்குக்கு வருகிற சொல் வேறு. ஆப் முதலாவதைத்தான் வளர்த்தது.

அப்புறம் பதிவு செய்த வீடியோ பாடங்களாக இருந்த ஒரு படிப்பில் பணம் கட்டினேன். ஒழுங்காகத்தான் நடத்தினார்கள், இலக்கணமும் தெளிவாக இருந்தது. ஆனால் அது ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. இலக்கணத்தின் உடம்பு ஒன்றுதான், ஆனால் அன்றாடப் பேச்சு நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரைச் சேர்த்து அழைக்க 'வோசோத்ரோஸ்' என்பார்கள், அதற்கென்று தனி வினைமுற்றுகள் உண்டு. மெக்சிகோவில் அந்த இடத்தில் 'உஸ்தேதெஸ்' மட்டும்தான். நான் ஆறு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது என் சம்பந்தி வீட்டில் யாரும் பேசாத வினைமுற்றுகளை. கம்ப்யூட்டருக்கு ஸ்பெயினில் 'ஓர்தெனதோர்', மெக்சிகோவில் 'கொம்ப்யுததோரா'. கைபேசிக்கு ஸ்பெயினில் 'மோவில்', மெக்சிகோவில் 'செலுலார்'.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் பிடிக்கப் போக வேண்டும் என்று சொல்ல, பாடத்தில் படித்தபடி 'கொஹேர்' என்ற வினையைப் போட்டு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிட்டேன். மருமகள் சட்டென்று "தொமார், தொமார்" என்றாள். சம்பந்தியம்மா காதில் விழாதது போல், எத்தனை மணி பஸ் என்று கேட்டார். பிறகு மருமகள் தனியாகச் சொன்னாள்: 'கொஹேர்' ஸ்பெயினில் பிடிப்பது, எடுப்பது என்று சாதாரணமாகப் புழங்கும் சொல், மெக்சிகோவில் பெரியவர்கள் முன்னால் வாயில் வரக்கூடாத சொல். பாடம் சொன்னது தப்பில்லை. யாரோடு பேசுவதற்கு என்று அது என்னைக் கேட்கவில்லை. அந்த அம்மா அன்றைக்குக் காட்டிய பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆசிரியர் நேரலையில் பேசுகிற ஆன்லைன் வகுப்புகளைத் தேடினேன். ஒரே மாதத்தில் ஐந்து டெமோ வகுப்புகளில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு நோட்டும் பக்கத்தில் ஒரு கடிகாரமும். நான் குறித்தது ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசுகிறார், கற்பவர்கள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள். முதல் வகுப்பில் 60 நிமிடத்தில் 47 நிமிடம் ஆசிரியர் பேசினார். எட்டுப் பேர் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டோம், என் பங்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாவதில் வினைமுற்று அட்டவணைகளைத் திரையில் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஆசிரியர் மிக நல்லவர், ஆனால் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் ஸ்பானிஷைப் பற்றிப் பேசினார். நாலாவது, மாணவர்களுக்கான பேட்ச். ஐந்தாவதில் 75 நிமிடம், ஆறு பேர். நான் மட்டும் ஒன்பது நிமிடம் வாய் திறந்திருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பு. அங்கேயே சேர்ந்தேன்.

டெமோவில் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதையே பெரிய தகுதியாக விளம்பரம் செய்கிறார்கள். நான் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவள்தான். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் ஏன் 'நான்' வரவில்லை என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டால், இந்த வகுப்பில் சேர்வதற்கு முன்னால் எனக்கு விடை தெரிந்திருக்காது. 'அப்படித்தான் சொல்வோம்' என்றிருப்பேன். ஸ்பானிஷை அயல்மொழியாகக் கற்பிப்பது தனிப் பயிற்சி, அதற்கென்று படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 'போர்', 'பாரா' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத்தானே வருகின்றன, எப்போது எது என்று டெமோவிலேயே கேட்டுப் பாருங்கள். உதாரணத்தோடு விளக்கினால் உட்காருங்கள். 'போகப் போகத் தெரியும்' என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

சரி, நான் சேர்ந்த வகுப்பைப் பற்றி. வாரம் இரண்டு நாள், 75 நிமிடம். ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. எங்கள் பேட்ச்சில் மிக இளையவருக்கு 31, மூத்தவருக்கு 68. ஆசிரியை மெக்சிகோக்காரர், அவர்கள் வழக்கப்படி நாங்கள் 'மாஎஸ்த்ரா' என்று கூப்பிடுகிறோம். முதல் நாள் எங்களை 'உஸ்தெத்' போட்டுத்தான் பேசினார். இரண்டாவது வாரம் ஒவ்வொருவரிடமும், 'தூ' போட்டுப் பேசலாமா என்று கேட்டார். 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள், நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்பானிஷில் நீ போட்டுப் பேசுவதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது, 'துதேயார்'. சம்பந்தியம்மாவிடம் எதைப் போடுவது என்று கேட்டேன். "அவராகச் சொல்லும்வரை உஸ்தெத்" என்றார்.

மூன்றாவது வாரம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் அதுதான். ஆளுக்கு ஒரு பிடித்த விஷயம் சொல்ல வேண்டும். நான் 'யோ குஸ்தோ லா யுவியா' என்றேன், எனக்கு மழை பிடிக்கும் என்ற எண்ணத்தில். வேறு யாராக இருந்தாலும் 'மே குஸ்தா' என்று திருத்திவிட்டு அடுத்தவரிடம் போயிருப்பார்கள். மாஎஸ்த்ரா நிறுத்தினார். "உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்? ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு, மழை, பிடிக்கும் என்றேன். "முதல் சொல்லுக்கு என்ன பொருள்?" நானா, என்னையா, எனக்கா என்று விளக்கினேன். அவர் திரையில் 'எனக்கு' என்பதை அவர்கள் எழுத்தில் எழுதி, அதற்கு நேர் கீழே 'மே' என்று எழுதினார். 'பிடிக்கும்' என்பதற்குக் கீழே 'குஸ்தா'. மழைக்குக் கீழே 'யுவியா'. மூன்று கோடு இழுத்தார். "பாருங்கள், உங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. ஏன் ஆங்கிலத்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள்?"

அந்தக் கேள்வி என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. ஆப்பும் சரி, வீடியோ பாடமும் சரி, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகச் செய்தவை. அவர்களுக்கு 'மே குஸ்தா' தலைகீழான வாக்கியம். அதனால் 'இது கடினம், கவனம்' என்று பயமுறுத்தியே சொல்லித் தந்தார்கள். நானும் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் புரட்டி, அதை மறுபடி ஸ்பானிஷில் புரட்டிக்கொண்டிருந்தேன். 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது, சொல்லுக்குச் சொல் அதேதான். ஆங்கிலம் கடன் வாங்காமலே இதை நான் சொல்லலாம்.

அதன் பிறகு இந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. 'ஸெர்', 'எஸ்தார்' என்று ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற இடம். தமிழில் 'நான் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் சொல்கிறோம், 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்று வினையோடு சொல்கிறோம். முதலாவதுக்கு ஸெர், இரண்டாவதுக்கு எஸ்தார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பாதி வழி கூட்டிக்கொண்டு போய் விடுகிறது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'நான்' தேவையில்லை, வினையின் வாலிலேயே ஆள் தெரிகிறார். இதுவும் நமக்குப் புதிதல்ல.

உச்சரிப்பிலும் அப்படியே. ஸ்பானிஷில் t, d இரண்டும் பல்லில் நாக்கு படுகிற நம்முடைய த. d மட்டும் உயிருக்கு நடுவில் வந்தால் 'அது' என்பதில் வருவது போல மெலிந்துவிடும். ஒன்றுமில்லை என்பதற்கான 'நாதா'வை நான் சொன்னதும் மாஎஸ்த்ரா, "இதை நான் திருத்தாமலே சொல்கிற முதல் ஆள் நீங்கள்" என்றார். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். நாக்கு நுனி ஒரு தடவை தட்டினால் முதலாவது, உதறினால் இரண்டாவது. சின்ன வயதில் தமிழ் வாத்தியார் றகரத்தை அழுத்திச் சொல்லச் சொல்லி வாங்கிய பயிற்சி இங்கே கை கொடுத்தது.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு மேஜையும் புத்தகமும் அஃறிணை, விஷயம் முடிந்தது. அவர்களுக்கு மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று நம்பி உட்கார்ந்தால் 'ப்ரொப்லேமா' ஆண்பால். 'ஓ'வில் முடிகிற 'மானோ', அதாவது கை, பெண்பால். இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை, சொல்லையும் அதற்கு முன்னால் வருகிற 'எல்', 'லா'வையும் சேர்த்தேதான் மனப்பாடம் செய்கிறேன். இறந்த காலம் இன்னொரு மலை. 'அப்போதெல்லாம் தினமும் நடந்தே போவோம்' என்று பழைய வழக்கத்தை எதிர்கால வினையில் சொல்வது நம் பேச்சு. ஸ்பானிஷில் இதற்கென்றே தனி இறந்த காலம் இருக்கிறது. இரண்டு மாதம் ஆகியும் அந்த இடத்தில் எதிர்காலத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வாய்ஸ் மெசேஜ் வீட்டுப்பாடம். வாரம் ஒன்று, இரண்டு நிமிடம், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மறுநாள் மாஎஸ்த்ராவின் குரலில் பதில் வரும். எத்தனை தப்பு செய்திருந்தாலும் மூன்றே மூன்றைத்தான் திருத்துவார். மற்றதை விட்டுவிடுவார். முதலில் எனக்கு இது குறையாகப் பட்டது, எல்லாவற்றையும் சொல்லலாமே என்று. இப்போது புரிகிறது. மூன்று என்றால் அந்த வாரம் முழுக்க நினைவில் இருக்கும். பதினைந்து என்றால் அடுத்த வாரம் மெசேஜே அனுப்பத் தோன்றாது. பழைய மெசேஜ்களை எல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறேன். முதல் மெசேஜில் இரண்டு நிமிடத்தில் பாதி மௌனம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பாடப்புத்தகம் இருபது வயதுக்காரர்களுக்கு எழுதியது: அறை பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள், விடுமுறைப் பயணம், இரவு விருந்து. பேரன் பேத்தி, முழங்கால் வலி, பணி ஓய்வு இதற்கெல்லாம் சொல் வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சம்பந்திக்கு ஸ்பானிஷில் 'கொன்ஸ்வேக்ரா' என்று ஒரே சொல் அழகாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் நான் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை, மருமகள்தான் சொல்லித் தந்தாள். அடுத்த குறை, ஒரு வகுப்பு தவறினால் பதிவு கிடைக்காது. கற்பவர்கள் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்வதில்லை என்கிறார்கள். காரணம் நியாயம்தான், இருந்தாலும் தவறவிட்ட வாரம் தவறவிட்டதுதான். பேட்ச் நடுவில் ஒருமுறை புதிதாக ஒருவரைச் சேர்த்தார்கள், அவருக்காக மூன்று வகுப்பு பின்னால் போனோம். அது எனக்கு வருத்தம், அவர்களிடமே சொன்னேன்.

வகுப்பு இல்லாத நாட்களுக்கு 'லாங்வேஜ் ட்ரான்ஸ்ஃபர்' என்ற இலவச ஒலிப்பாடத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன். மிஹாலிஸ் எலெஃப்தெரியு என்பவர் செய்தது. ஸ்பானிஷுக்கு 90 பகுதிகள். அவர் கற்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டே போவார், அந்த ஆள் பதில் சொல்வதற்கு முன்னால் நாம் நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறுத்தாமல் கேட்டால் பயனே இல்லை. மனப்பாடம் செய்யாதீர்கள், யோசியுங்கள் என்பதுதான் அவர் முறை. ஆங்கிலச் சொற்களின் வாலை மாற்றி ஸ்பானிஷ் சொற்களை நூற்றுக்கணக்கில் உண்டாக்கும் வழியை ஆரம்பத்திலேயே காட்டுவார். ஆங்கிலம் வழியாகத்தான் போகிறது என்பதால் ஆங்கிலம் ஓரளவு பழக்கமில்லாதவர்களுக்குச் சிரமமாக இருக்கும். நான் துணி மடிக்கும் நேரத்தில் கேட்டேன், நிறுத்துவதற்கு ஒரு கை காலியாக இருந்தால் போதும்.

'மூன்று மாதத்தில் சரளம்' என்று வருகிற விளம்பரங்களை நம்ப வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிக எளிதான மொழிகளில் ஒன்றாக ஸ்பானிஷை வைத்திருக்கிறது. அதற்கே சுமார் அறுநூறு, எழுநூறு வகுப்பு மணி நேரம் என்று கணக்கு, அதுவும் அதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்களுக்கு. என் வகுப்பு வாரம் இரண்டரை மணி. மூன்று மாதத்துக்கு 30 மணி நேரம்தான் ஆகிறது. பதினோரு மாதத்தில் சுமார் 110 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், இப்போதுதான் ஏ2 முடிகிறது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படி, நான் ஏறியது இரண்டு. எனக்கு இது குறைவாகத் தோன்றவில்லை.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் நடத்தும் தேலே (DELE) என்ற ஸ்பானிஷ் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. எங்கள் பேட்ச்சில் ஒருவர் ஏ2 எழுதினார். அதில் படிப்பதும் எழுதுவதும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் ஒரு பிரிவு. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 எடுக்க வேண்டும், ஒன்றின் மதிப்பெண்ணை வைத்து மற்றொன்றைச் சரிக்கட்ட முடியாது. வாய் திறக்காமல் வீடியோ பார்த்தே படித்தவர்கள் இரண்டாவது பிரிவில் மாட்டிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் எழுதுகிற சியேலே (SIELE) என்ற தேர்வும் 2016 முதல் இருக்கிறது, அதில் தேர்ச்சி, தோல்வி இல்லை, 1000 மதிப்பெண்ணில் எங்கே நிற்கிறோம் என்று மட்டும் காட்டும்.

கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு முதல் மாதம் இந்த மாதிரி வகுப்பு கஷ்டமாக இருக்கும், மறைந்துகொள்ள இடமே கிடையாது. எங்களோடு சேர்ந்த ஒருவர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார். அப்படிப்பட்டவர்கள் முதலில் தனியாக ஒரு ஆசிரியரிடம் பத்து மணி நேரம் பேசிப் பழகிவிட்டு வரலாம். இலக்கணத்தை வரிசையாகக் குறிப்பெடுத்துப் படிக்கவே விரும்புகிறவர்களுக்கும் இது ஒத்துவராது.

போன மாதம் சம்பந்தியம்மாவிடம் நானே கேட்டேன், அன்றைக்கு நீளமாக என்ன சொன்னீர்கள் என்று. அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், நான் என்னுடையதைச் சொன்னேன், நாற்பது நிமிடம் ஆனது. பிள்ளைகள் பக்கத்து அறையில் இருந்தார்கள், கூப்பிடவில்லை. புரியாதபோது அவர்கள் ஊர் மரியாதைப்படி "மாந்தே?" என்றேன், அவர் மறுபடி மெதுவாகச் சொன்னார். நடுவில் 'தூ' போட்டே பேசச் சொன்னார்.

புதன்கிழமை பி1 தொடங்குகிறது. ஆசையையும் ஐயத்தையும் சொல்வதற்கான வினைவடிவம் அதில்தான் வருகிறது. சம்பந்தியம்மா இரண்டு வாக்கியத்துக்கு ஒன்றை 'ஓஹாலா' என்று தொடங்குகிறார், நம்முடைய 'கடவுள் புண்ணியத்துல நல்லபடியா நடக்கணும்' மாதிரி. அதற்குப் பின்னால் வருகிற வினை எல்லாம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வகுப்பிலேயே அதைக் கேட்க வேண்டும்.